இரண்டு கன்னங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

எனக்குப் புற்றுநோய் என்று என் மகன் உன்னிடம் சொன்னது தவறு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. நீ புறப்பட்டு வர வேண்டாம்.

இடது கன்னத்தில் பட்டாணி அளவு கட்டி வந்தது உண்மை. முகத்தில் முன்பு ஊசி ஏதாவது போட்டதுண்டா என்று தோல் மருத்துவமனைப் படிவத்தில் கேட்டிருந்தார்கள். 'இல்லை' என்று என் முத்தான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன். சதையை வெட்டிச் சோதிக்க மருத்துவர் நாள் குறித்தார். அதற்கு முன் ஒரு ஸ்கேன்.

நேற்று ஸ்கேன் அறையில் மருமகள் என் கைப்பையோடு நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஸ்கேன் எடுக்கும் பெண் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை இடது கன்னத்தில் வைத்து உருட்டினாள். பிறகு, கேட்காமலே, வலது கன்னத்திலும் வைத்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் பார்த்தேன்.

"பாட்டி, கன்னத்துல எப்போ ஊசி போட்டீங்க?" என்றாள்.

நான் அவளுக்குப் பாட்டி இல்லை என்றும், ஊசி எதுவும் போடவில்லை என்றும் சொன்னேன்.

"சரிங்கம்மா. ஆனா ரெண்டு பக்கமும் தண்ணி தேங்கின மாதிரி திட்டுத்திட்டா கறுப்பா தெரியுதே. கட்டி இப்படி ஜோடி போட்டுக்கிட்டு வராதும்மா. இது கன்னத்தை உப்ப வைக்கிற மருந்து. ஒரு பக்கம் திரண்டிருக்கு, அவ்வளவுதான். கரைச்சிடலாம்."

மருமகள் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டாள். அது அழுகை இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் நம் பள்ளியின் பழைய மாணவிகள் கூட்டத்தில் ஒருத்தி என்னைக் காட்டி உன்னிடம், "உங்க அம்மாவா?" என்று கேட்டாள். நீ சிரித்தாய். வீட்டுக்கு வந்ததும் உனக்கு அந்தக் கடிதத்தை எழுதினேன். புருஷன் போன பிறகு தலைக்குச் சாயமும் உதட்டுக்குச் சிவப்பும் யாருக்காக என்று. அதைத் தபாலில் சேர்த்த அதே வாரம், அழகு நிலையம் ஒன்றின் பின்வாசலில் நுழைந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்று சின்ன வயதில் உன்னைத் திட்டுவேனே. நான் கன்னத்தில் மறைத்தேன்.

கட்டி வந்த இந்த மூன்று வாரமும் என் மகன் சரியாகச் சாப்பிடவில்லை. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அதைவிடக் கேவலம், நீ தொலைபேசியில் அழுதாயே. "அக்கா, நீ எழுதினது சரிதான். சாயம் போடறத விட்டுட்டேன். மன்னிச்சிடு" என்றாய். மன்னித்தேன் என்று சொல்லி, அதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். அது எனக்குச் சேர வேண்டியதல்ல.

நீ நீண்ட ஆயுளோடு, கருங்கூந்தலோடு இரு. மறுபடி சாயம் போட்டுக்கொண்டாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். தொலைபேசி வேண்டாம்; அந்தச் சிரிப்பைக் காதால் கேட்கும் தைரியம் இன்னும் வரவில்லை. உன் கையால் பதில் எழுது.

உன் அக்கா