எட்டுப் பேர் போகும் கப்பல்

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் தோள்வலிகூட இப்போது தேவலை, அங்கே நீயும் மருமகளும் பிள்ளைகள் இருவரும் சளி காய்ச்சல் என்று எதுவும் அண்டாமல் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் எங்களுக்கு எந்நேரமும் நினைப்பு. போனில் பேசுகிற மனுஷன் எதற்குத் திடீரென்று கடிதமும் கூரியரும் என்று யோசிப்பாய். நீ கூப்பிட்டால் அம்மா உடனே ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறாள், சித்தப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறான், நம் வீட்டில் ரகசியம் பேசக் குளியலறைகூடத் தோதில்லை. அதனால் பஸ் டிப்போ ஓய்வறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிர்ப் பெஞ்சில் கண்டக்டர் குறட்டை விடுகிறார், மேசைக்கு ஒரு கால் ஆடுகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கிறிஸ்துமஸ் லீவில் எல்லோருமாகக் கப்பலில் போகலாம் என்று நீ சொன்ன நாளிலிருந்து வீடு வீடாகவே இல்லை. அம்மா வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தக் கப்பலின் வீடியோவைத்தான் பார்க்கிறாள். ஆஸ்பத்திரித் துணி அறையில் போர்வை எண்ணிக் கொடுக்கிற இடத்தில் கணக்குத் தப்பி, அறுவை சிகிச்சைப் பகுதியிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனாராம், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். உன் தங்கை மாப்பிள்ளையை நீச்சல் பழகச் சொல்லி நச்சரிக்கிறாள், அந்த மனுஷன் பாவம், கப்பல் மேலதானே போகப்போறோம், உள்ளயா போகப்போறோம் என்று கேட்கிறார். நானும் சும்மா இல்லை. பண்டிகை நேரத்தில் டிரைவருக்கு லீவா என்று மேலாளர் முறைத்தார், இத்தனை வருஷத்தில் இந்த நாட்களில் ஒருதடவையாவது கேட்டிருக்கேனா சார் என்று மடக்கி வாங்கிவிட்டேன். பேரனையும் பேத்தியையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு கப்பல் தளத்தில் நடப்பது மாதிரி வண்டி ஓட்டும்போதே நினைப்பு வரும், ஹார்ன் அடித்துத்தான் என்னை நானே திட்டிக்கொள்வேன். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கீழே எழுதப்போவதை வர ஆசையில்லாமல் எழுதவில்லை, மனசைக் கல்லாக்கிக்கொண்டு எழுதுகிறேன் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

போன வாரம் சித்தப்பா ஸ்டுடியோவிலிருந்து வரும்போது ஒரு பெட்டியோடு வந்தான். திறந்தால் வெள்ளை ஷூ. இந்த வயசில் பள்ளிக்கூடத்துக்குச் சேரப்போறியா என்று கேலி செய்தேன். கப்பல்ல வழுக்காம இருக்கணும்ல அண்ணா, குழந்தைங்க பின்னாடி ஓடி ஓடிப் படம் எடுக்கணும், கடைக்காரர்கிட்ட அடியை வளைச்சுக் காட்டச் சொல்லிப் பாத்துதான் வாங்கினேன் என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நீ போனில் படித்த பெயர்களை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தேன். நீ, மருமகள், பிள்ளைகள், நான், அம்மா, தங்கை, மாப்பிள்ளை. அவன் இல்லை. ஏன் இல்லை என்பதும் அந்த நிமிஷமே விளங்கிவிட்டது. ஒருத்தரும் விட்டுப்போயிடக்கூடாதுன்னு ஹால்ல மாட்டியிருக்கற போட்டோவைப் பாத்துப் பாத்துதாம்பா பேர் குடுத்தேன் என்று அன்றைக்குப் பெருமையாகச் சொன்னாயே, அந்தப் போட்டோவில் எட்டுப் பேர்தானடா இருக்கிறோம். எடுத்தது அவன். நம் வீட்டில் எந்தப் படத்தில்தான் அவன் இருக்கிறான்? ஊரிலுள்ளவர்களை எல்லாம் நிமிர்ந்து உட்காருங்க, கண்ணை மூடாதீங்க என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுக்கிறவனை நீயும் வந்து நில்லு என்று நம்மில் ஒருத்தருக்கும் சொல்லத் தோன்றவில்லை.

உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. நீ பெயர்களைப் படித்தபோது நானும் விரல் விட்டு எண்ணினேன், எட்டு சரியாகத்தான் இருக்கிறது என்று நானே உரக்கச் சொன்னேன். பின்கண்ணாடியைப் பார்க்காமல் ஒருநாளும் பஸ்ஸின் கதவை மூடாதவன் நான், சொந்தத் தம்பியை நிறுத்தத்திலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியிருக்கிறேன். அவன் அன்றைக்கும் பக்கத்தில்தான் இருந்தான், நீ பெயர் படிக்கிற நேரத்தில் மட்டும் அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போயிருந்தான். தானும் போகிறோமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை பார், அதுதான் என்னைக் கொல்கிறது.

மறுநாள் ஷிப்ட் முடிந்ததும் நீ சொன்ன பயண ஏஜென்சியின் இங்குள்ள கிளைக்கு நேரிலேயே போனேன். அங்கிருந்த பெண் நல்ல பெண், கம்ப்யூட்டரை மூன்று தடவை தட்டிப் பார்த்தது. பேரு மாத்தலாம் சார், ஆளு கூட்ட முடியாது, கிறிஸ்துமஸ் டைம்ல ஒரு கட்டில்கூடக் காலி இல்ல என்றது. வேறு தேதி பார்க்கலாம் என்றால் பிள்ளைகளுக்கும் உங்களுக்கும் லீவு அப்போது மட்டும்தான். ஆஸ்பத்திரியிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் அவளிடம் சொன்னேன். தெருவிலேயே நின்றுவிட்டாள். அப்புறம், என் இடத்துல தம்பியை அனுப்புங்க, எனக்கு அந்த வீடியோ பாத்ததே போதும் என்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை என்னால். அவள் நின்றுகொண்டால் அவன் ஏன் அண்ணி என்று கேட்பானே. சரி, நானே விலகிக்கொள்ளலாம் என்று, எனக்கு லீவு கிடைக்காட்டி நீ போயிட்டு வாடா என்று மெதுவாக விட்டுப் பார்த்தேன். நீ வராத கப்பல்ல எனக்கென்ன வேலை, உனக்கு யாரு சமைச்சுப் போடறது என்று பேச்சை அங்கேயே முறித்துவிட்டான்.

ஆகவே நேற்று சாப்பிடும்போது வாய் கூசாமல் ஒரு பொய் சொன்னேன். எனக்குத் தண்ணி என்றால் பயம், பாலத்தில் பஸ் ஓட்டும்போதே வயிற்றைக் கலக்கும், இத்தனை நாள் வெளியே சொல்லவில்லை, நடுக்கடலில் ஏதாவது ஆகிவிட்டால் மானம் போய்விடும், நான் வரவில்லை என்றேன். அவன் சோற்றில் கை வைத்தபடி என்னையே பார்த்தான், அப்புறம் சிரித்தான் பார், கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தான். இவ்ளோ பெரிய வண்டிய ஓட்டற ஆளு இவ்ளோ பெரிய பயந்தாங்கொள்ளியாண்ணா என்றான். அம்மாவும் ஒத்து ஊதினாள், இவர் இல்லாம நான் போகலை என்று. அப்ப நாம மூணு பேரும் இங்கயே இருப்போம், சின்னவங்க போயிட்டு வரட்டும் என்று அவனே முடித்துவிட்டான். துளி சந்தேகமில்லை. நான்தான் பாதிச் சோற்றோடு கை கழுவ எழுந்துவிட்டேன்.

ஆகையால் எங்கள் இருவர் இடத்தையும் இந்த மாதத்துக்குள் ரத்து செய்துவிடு. உன் தங்கையும் மாப்பிள்ளையும் வருவார்கள், நீங்கள் கட்டாயம் போக வேண்டும், எங்களுக்காகப் பிள்ளைகளை ஏமாற்றாதே. வருத்தமாக இருக்கிறதா என்று கேட்டால் நிறையவே இருக்கிறது. பேத்திக்கு முன்பல் விழுந்திருக்கிறதாமே, அது முளைப்பதற்குள் அந்தப் பொக்கை வாயைப் பார்த்துவிடலாம் என்று இருந்தேன். அம்மா பெட்டியிலிருந்து துணிகளை எடுத்து மறுபடி அலமாரியில் அடுக்கும்போது நான் ஓய்வறைக்கு வந்துவிட்டேன், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு. ஆனாலும் மனசு இந்தப் பக்கம்தான் நிற்கிறது. நீ வெளிநாடு கிளம்ப பாஸ்போர்ட் படம் எடுத்தபோது, அழுது வீங்கிய உன் கண் தெரியக்கூடாது என்று ஸ்டுடியோவைப் பூட்டிவிட்டு நீ தேறும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் அவன். உனக்கும் அது மறந்திருக்காது.

இன்னொன்று இருக்கிறது, அதற்காகத்தான் முக்கியமாக எழுதுகிறேன். இராத்திரி பாத்திரம் துலக்கிக்கொண்டே என்னிடம் சொன்னான், பாவம் அண்ணா பையன், எனக்கும் சேத்து டிக்கெட் போட்டிருப்பான், எவ்ளோ ஆசையா போட்டானோ, வீணாப் போச்சே, ஞாயித்துக்கிழமை கூப்பிட்டா நானே மன்னிப்புக் கேட்டுடறேன் என்று. கேட்கத்தான் போகிறான், நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அவன் மன்னிப்புக் கேட்கும்போது நீ உடைந்துவிடாதே, உண்மையைச் சொல்லியும் தொலைக்காதே. பரவாயில்லை சித்தப்பா, உங்க டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டேன் என்று சொல்லு.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள், மருமகளுக்கு எங்கள் ஆசிகள், கப்பலில் பெரியவனின் கையை விடாதே, அவன் கம்பியில் ஏறுகிற ஜாதி. நீங்கள் நால்வரும் நீண்ட ஆயுளோடு ஒற்றுமையாக இருக்க வேண்டும். படித்ததும் இதைக் கிழித்துவிடு.

என்றும் உன் நலமே நினைக்கும்
அப்பா