கிணற்றடியில் தெளித்த தண்ணீர்

7 ஆகஸ்ட் 1953, வெள்ளி

மழை இன்னும் விடவில்லை. இன்று மத்தியானம் பழவங்காடியில் எங்கள் பெண்கள் கூட்டம். வீட்டுவேலை செய்கிறவர்களுக்குப் பிரசவமானால் ஒரு மாதம் ஓய்வு வேண்டும், அதற்காக வேலையை விட்டு நிறுத்தக் கூடாது என்று சர்க்காருக்கு எழுதிய மனுவை நான்தான் வாசித்தேன். என் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற தங்கம் முதல் கைநாட்டு வைத்தாள். அவள் விரலைப் பிடித்து மையில் தொட்டு நானே அழுத்திவிட்டேன்.

"உன் கை வேறே, என் கை வேறேயா?" என்று கேட்டேன். எல்லாரும் கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்பக்கம் போனேன். காலையில் அவள் தேய்த்துக் கவிழ்த்த பாத்திரங்கள் கிணற்றடியில் மழையில் நனைந்துகொண்டிருந்தன. அவற்றின் மேல் ஒரு கை தண்ணீர் தெளித்து, அதன் பிறகே உள்ளே எடுத்தேன். வேலைக்காரி தொட்ட தீட்டுப் போக அம்மா இருந்தவரையில் தெளிப்பாள். நானும் தினமும் தெளிக்கிறேன் போலிருக்கிறது. இன்றுதான் தெரிந்தது.

நிமிர்ந்தால் கொல்லைக் கதவருகில் தங்கம். நான் கொடுத்தனுப்பிய குடையைத் திருப்பித் தர வந்திருக்கிறாள்.

"தங்கம்" என்றேன்.

"நான் ஒண்ணும் கண்டில்லம்மா" என்றாள். குடையைச் சுவரில் சாத்திவிட்டு நனைந்துகொண்டே போனாள்.

இந்த வேலையில் இறங்கியதிலிருந்து அக்ரஹாரத்தில் ஒருத்தியும் என்னோடு பேசுவதில்லை. இந்த வீட்டில் என் குரலைத் தவிர கேட்பது தங்கத்தின் குரல் மட்டுந்தான்.

கண்டேன் என்று சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பேன்.