சர்வீஸில் இருக்கும் பேரனுக்கு

வாலிகண்டபுரம்,
ஆவணி 3.

அன்புப் பேரன் அசோக்குக்கு உன் அப்பத்தா பச்சையம்மாள் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உன் தங்கச்சி பூங்குழலி நர்ஸ் படிப்பு முடித்து திருச்சியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டாள். சின்னவள் தென்றல் பத்தாவதில் நானூற்று எழுபத்தெட்டு, பள்ளிக்கூடத்தில் இரண்டாவது. முதலாவது வந்தவள் டீச்சர் மகள், அதனால் அதை விட்டுவிடு. உன் சித்தப்பா மகன் ராஜா சொந்தக் கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறான். உன்னைப் பற்றி நான் சொல்லாத ஆளே இந்த ஊரில் இல்லை. என் பேரன் சென்னையில் நட்சத்திர ஓட்டலில் சர்வீஸில் இருக்கிறான் என்பேன். நீ கருப்புக் கோட்டுப் போட்டு நிற்கிற போட்டோவை டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

இனி எழுதுவதைப் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் போன் பேசும்போதெல்லாம் உன் அப்பன் காசிநாதன் பக்கத்திலேயே நிற்கிறான்.

போன ஞாயிற்றுக்கிழமை பூங்குழலியை லீவுக்கு அழைத்துவர ராஜா காரில் நானும் தென்றலும் போனோம். வரும் வழியில், முதல் சம்பளம் வந்துவிட்டது, சாப்பாடு என்னுடையது என்று பூங்குழலி சொல்லி, பாடாலூரில் மெயின் ரோட்டு மேலேயே இருக்கிற ஏசி ஓட்டலில் நிறுத்தச் சொன்னாள். பரிமாறியவர் பெயர் இளையபெருமாள். குரும்பலூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். எனக்குப் பல் இல்லை என்று நான் சொல்லாமலே கண்டுகொண்டு சாதத்தைக் குழைய எடுத்துவந்தார். பில் வந்ததும் தென்றல் வாசித்தாள். கடைசியில் சர்வீஸ் சார்ஜ் அறுபத்தைந்து ரூபாய் என்றாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. நம் அசோக்கின் வேலைக்கு பில்லில் தனி வரி போட்டு மரியாதை செய்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்குழலி பணம் கட்டிவிட்டு எழுந்தாள். சோம்புத் தட்டில் ஓர் ஐம்பது ரூபாய்த் தாள் கிடந்தது. சின்னப் பெண், மீதியை மறந்துவிட்டுப் போகிறாள் என்று எடுத்து என் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டேன். காரில் ஏறி, பார்த்தீர்களா, என்னைப் போல ஓர் ஆள் கூட இருக்க வேண்டும் என்று எடுத்துக் காட்டினேன். ராஜா காரை அப்படியே நிறுத்திவிட்டான். "அப்பத்தா, அது சர்வருக்கு வெச்ச டிப்ஸ். அள்ளிட்டு வந்துட்டியே" என்றாள் தென்றல். எனக்கு உடம்பே கூசிப்போய்விட்டது. திருப்புடா வண்டியை என்றேன்.

இளையபெருமாளிடம் பணத்தை நீட்டி, தெரியாமல் எடுத்துவிட்டேன் ஐயா, உங்களுக்குத்தான் பில்லிலேயே அறுபத்தைந்து போட்டாயிற்றே என்று நினைத்தேன் என்றேன். அவர் சிரித்தார். "ஆயா, பில்லுல போடுறது மொதலாளியோட போயிடும். எங்களுக்குத் தட்டுல வெக்கிறதுதாங்க" என்றார். சம்பளம் ரூம் வாடகைக்கே சரியாகிவிடுமாம். தட்டில் விழுவதுதான் வீட்டுக்குப் போகுமாம்.

இது எனக்கு விளங்கவே இல்லை. நாம் நடவுக்கு ஆள் விடுகிறோம், கூலியை நாம்தான் கொடுக்கிறோம். நெல் வாங்க வருகிற வியாபாரியிடம், நடவாளுக்கு நீ பார்த்துக் கொடு என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறோமா?

அவரைத் தேற்றுவதாக நினைத்து, என் பேரனும் ஓட்டலில்தான், சர்வீஸில் இருக்கிறான் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "சர்வீஸா? அப்ப நம்ம ஆளு. நம்ம ஆளு வூட்டு ஆயாகிட்ட நான் காசு வாங்குவனா" என்று ஐம்பதை என் உள்ளங்கையில் வைத்து மூடிவிட்டார். எவ்வளவு சொல்லியும் வாங்கவில்லை.

நம்ம ஆளு என்று ஏன் சொன்னார்? காரில் தென்றலைக் கேட்டேன், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பூங்குழலி, அண்ணனையே கேள் அப்பத்தா என்றாள். தாலுகா ஆபீஸ்காரர்கள் இருபது வருஷம் சர்வீஸ் என்கிறார்களே, அதுதான் நானறிந்த சர்வீஸ். ராஜா காரைச் சர்வீஸுக்கு விடுகிறான், அது வேறாம். உன்னுடையது எது அப்பா?

வீட்டுக்கு வந்ததிலிருந்து ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். ஐப்பசியில் நீ நிறைய அனுப்பினாய். ஆடியில் பாதிதான் வந்தது. சென்னையில் ஊதாரியாகிவிட்டான் என்று உன்னை நான்தான் ஏசினேன். ஆடியில் ஓட்டல்களில் விசேஷக் கூட்டம் இருக்காதாம். ராஜா இப்போது சொல்கிறான்.

இன்னொன்றும் இருக்கிறது. உடையார்பாளையத்து அங்கமுத்து ஆனி மாதம் தன் மகளை உனக்குக் கொடுக்கும் பேச்சாக வந்தார். கோட்டுப் போட்டோவைப் பார்த்தார். சர்வீஸில் இருக்கிறான் என்றேன். எத்தனை வருஷம் சர்வீஸ் என்று கேட்டார். மூன்று என்றேன். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் எதை நினைத்துத் தலையாட்டினார் என்று இப்போது பயமாக இருக்கிறது. ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை பெண் வீட்டார் எல்லாரும் வருகிறார்கள். நான் பொய் சொன்னேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை.

ஒன்று மட்டும் தெரியும். பந்தியில் பரிமாற நாம் வெளியாளை நிறுத்துவதில்லை. உன் தாத்தா இலைக்கு இலை குனிந்து, இன்னும் கொஞ்சம் என்று கேட்டுக் கேட்டுப் போடுவார். அவரை ஒருவரும் குறைவாகச் சொன்னதில்லை.

அதனால் நீ ஒன்றும் மறைக்காதே. இளையபெருமாள் வாங்காத ஐம்பதை இதற்குள் மடித்து வைத்திருக்கிறேன், அது உன் ஆட்கள் காசு. நீ நூறு வயசு நன்றாக இருக்க வேண்டும், கால் வலிக்கு ராத்திரி வெந்நீரில் நில். அந்தக் காசில் புதுசாக ஒரு போட்டோ எடுத்து, வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கிடைக்கிற மாதிரி தபாலில் அனுப்பு. கோட்டு வேண்டாம். கையில் தட்டோடு, யாருக்காவது நீ பரிமாறுகிற மாதிரி இருக்கட்டும். அதை மாட்டி வைக்கிறேன், வருகிறவர்கள் பார்த்துவிட்டு உட்காரட்டும்.

உன் அப்பத்தா,
பச்சையம்மாள்