எஞ்சினைக் கழட்ட முந்தி

இஞ்சேருங்கோ,

நீங்கள் நல்ல நித்திரை. எழுப்பினால் நேற்றையச் சண்டை திரும்பத் தொடங்கும், அதாலை எழுதி வைக்கிறன்.

தண்ணீரூற்றுக்கு அக்காவைப் பார்க்கப் போறன். நாளைக்குப் பின்னேரம் வருவன். குசினியிலை புட்டு மூடியிருக்கு. கத்தரிக்காய்க் குழம்பைச் சுட வைச்சுச் சாப்பிடுங்கோ. கார்த் திறப்பு அலுமாரிக்கு மேலை. மெக்கானிக் மாயாண்டி அண்ணை பத்து மணிக்கு வருவார், தேத்தண்ணியோடை பனங்கட்டி குடுங்கோ.

அவர் பழைய எஞ்சினைக் கழட்டிப்போட்டு டீசல் எஞ்சினைப் பூட்டட்டும். பழசு எண்ணெய் குடிச்சுப் புகைக்குது, நீங்கள் சொல்லுறது சரி. டீசல் மணம் எனக்கு ஒத்துவராது எண்டு அவருக்கு முன்னாலை சொன்னது பொய். உண்மையைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது.

இவ்வளவு வருசமும் அந்தப் பழைய எஞ்சின்ரை சத்தம் குளக்கட்டுத் திருப்பத்திலை கேட்டாப் பிறகுதான் நான் உலை வைக்கிறனான். போன வருசம் ஆடிக் கலவரத்துக்கை வவுனியாவுக்குச் சனம் ஏத்தப் போய் மூண்டு நாள் நீங்கள் வரேல்லை. மூண்டு நாளும் நான் அடுப்பு மூட்டேல்லை. ரோட்டாலை எத்தினையோ வாகனம் போச்சுது, ஒண்டும் எங்கடை கார் இல்லை எண்டு குசினிக்குள்ளை இருந்தே தெரிஞ்சுது. நாலாம் நாள் பின்னேரம் அந்த இருமல் சத்தம் கேட்டுது. உலையை வைச்சிட்டுத்தான் படலைக்கு ஓடினனான்.

இனித் திருப்பத்திலை இரண்டுதரம் ஹோர்ண் அடியுங்கோ. புதுச் சத்தம் எனக்குப் பழகுமட்டும்.

நாகேஸ்வரி

நாய்க்குச் சோறு மண்சட்டியிலை.

பஸ் ஏழரைக்கு. அதுமட்டும் குளக்கட்டடியிலைதான் நிப்பன். எழும்பினால் காரை ஒருக்கா ஸ்டார்ட் பண்ணுங்கோ. வந்து ஏத்தச் சொல்லேல்லை. எனக்குக் கேட்டால் போதும்.