இரண்டு சீட்டுக் காரில் இடம்

ஆரணி,
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் மைக்கேல்ராஜுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன்.

உன் பிள்ளை பிலிப் வாங்கிய பழைய சிவப்புக் காரை விற்றுவிடச் சொன்னாயாம். இரண்டே சீட்டு, குடும்பத்துக்கு ஆகாது, ஊர் சிரிக்கும் என்றாயாம். அன்றிலிருந்து அவன் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டான். பெங்களூரில் யாரோ ஓட்டி அலுத்த வண்டி அது. வேலை விட்டு வந்ததும் அதன் அடியிலேயே கிடப்பான். ஸ்பிரிங்கை மாற்றித் தரையோடு தாழ்த்தினான், அகல டயர் போட்டான். வேகத்தடை வந்தால் நேராக ஏறாது, நண்டு மாதிரி குறுக்கே ஏற்றுகிறான். எதற்கடா இது என்றால், “லோவா இருந்தாதான் கெத்து ஆயா” என்றான். கெத்து என்றால் என்ன என்று கேட்டேன், மறுபடி வண்டிக்கு அடியில் போய்விட்டான். புது சைலன்சர் சத்தத்தில் தறியில் இழை எண்ண முடியவில்லை என்று எதிர்வீட்டு முனியம்மா சண்டைக்கு வந்தாள். அது நியாயம். பழையதையே மாட்டச் சொன்னேன், மாட்டிவிட்டான். நீ கல்யாணத்துக்கு முன்னால் செகண்ட் ஹாண்ட் மோட்டார் சைக்கிளில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பூசை நேரத்தில் கோயிலைச் சுற்றியதும், சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி உன் பேரைச் சொன்னதும் உனக்கு மறந்திருக்கும். எனக்கு மறக்கவில்லை.

போன மழையில் விழுந்ததிலிருந்து என் முட்டி சரியாக மடங்குவதில்லை. பஸ் படி ஏற இரண்டு பேர் தூக்க வேண்டும், ஆட்டோவிலும் அப்படித்தான், அந்த வெட்கத்தில் பூசைக்கே போகாமல் கிடந்தேன். உனக்குச் சொல்லவில்லை. இந்தக் கார் தறிக்குழி மாதிரி இருக்கிறது. விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே நீட்டினால் போதும், இறங்கும்போது இரண்டு கையையும் ஊன்றி எம்பினால் வெளியே வந்துவிடுவேன். குழித்தறியில் அத்தனை வருஷம் அப்படித்தானே உட்கார்ந்து எழுந்தேன். யாரும் என்னைத் தொட வேண்டாம்.

போன ஞாயிறு உன் அத்தை ராஜம்மாள் கண்ணமங்கலத்திலிருந்து நம் கோயில் திருவிழாவுக்கு வந்திருந்தாள். உன் ஞானஸ்நானத்துக்கு வாடகைக் காரில் வேலூர் கிளம்பியபோது, ஞானத்தாய் என்று உன்னை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, “எடமில்ல அண்ணி, நீங்க பஸ்ல வந்துடுங்க” என்றவள். அவள் பக்கத்தில் வாழைத்தார் உட்கார்ந்து போனது. நான் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் ஊற்றி முடித்து உன் தலையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பூசை முடிந்து நான் காரில் உட்கார்ந்திருந்தேன். ராஜம்மாள் வந்து குனிந்து, “மயக்கமா கீது அண்ணி, பஸ்ல நிக்க முடியாது, ஊட்டாண்ட உட்டுடச் சொல்லுங்களேன்” என்றாள். உனக்கு எத்தனை வயசோ அத்தனை வருஷமாக எடமில்ல என்ற சொல் என் வாயில் தயாராக இருந்தது. உண்மையும் அதுதான், இரண்டே சீட்டு. பிலிப் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் கையை ஊன்றி எம்பி இறங்கி, ஏறு என்றேன். மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே, அவள் முகம் நிஜமாகவே வெளுத்திருந்தது. வண்டி திரும்பி வரும்வரை கோயில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அங்கே போய் அவளால் இறங்க முடியவில்லையாம், தறியில் உட்காராத உடம்பு. அவள் மருமகள் சூர்யகலாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் பிடித்து இழுக்க, “மெதுவா புடிங்கடி, வாழத்தாரா நானு” என்று கத்தினாளாம். பிலிப்பை அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

காரைப் பார்க்க வேலூரிலிருந்து ஒருவன் வருவதாக இருக்கிறான். சாவி என் சுருக்குப் பையில் இருக்கிறது. விற்றே ஆக வேண்டும் என்றால் நீ வாராவாரம் வந்து என்னைப் பூசைக்குத் தூக்கிக்கொண்டு போ.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். வெயிலில் தலைக்குத் துணி கட்டிக்கொள். பிலிப்புக்கு நீயே போன் செய், அவன் செய்யமாட்டான், உன் பிள்ளைதானே. ராஜம்மாளுக்கும் செய். அடுத்த திருவிழாவுக்கு அவளுக்குக் காரில் இடம் உண்டு என்று நான் சொன்னதாகச் சொல். வாழைத்தார் கொண்டுவந்தால் அதைப் பஸ்ஸில் அனுப்பச் சொல்.

இப்படிக்கு உன் அம்மா,
அமலி