வெறும் படிவத்தில் ஐந்து கையெழுத்து

22.12.2009, செவ்வாய்

நாளை காலை ரயில். இன்னும் ஒரு துணிகூட மடிக்கவில்லை. மதியம் முழுவதும் கையெழுத்துப் போட்டே தீர்ந்தது.

ஜனவரி ஒன்றிலிருந்து, தென்கிழக்காசிய நாடுகளோடு போட்ட ஆசியான் ஒப்பந்தம் அமலுக்கு வருகிறது. இந்தியாவில் செய்த சரக்கு என்று சான்றிதழ் காட்டினால், பெயிண்டில் கலக்கும் எங்கள் பச்சைப் பொடிக்குத் தாய்லாந்தில் வரி குறையும். அந்தச் சான்றிதழ் கேட்கும் படிவத்தில் கம்பெனி சார்பாக உறுதிமொழி தந்து கையெழுத்திட அதிகாரம் பெற்றவள் நான் ஒருத்திதான். கிளம்பும் நேரத்தில் முதலாளி சாரங்கபாணி சார் கூப்பிட்டார். "ஷெர்லி, நீ பாளையங்கோட்டை போய் கேக் தின்னுட்டு வர்ற வரைக்கும் என் சரக்கு நிக்கணுமா? அஞ்சு படிவத்துல போட்டு வச்சிட்டுப் போம்மா."

யார் லீவில் போனாலும் எங்கள் ஆபீசில் இதுதான் வழக்கம். செக், இன்வாய்ஸ், எல்லாவற்றுக்கும். போட்டேன். மேலே ஒரு வரிகூட நிரப்பாத ஐந்து படிவம், கீழே என் பெயர்.

3.1.2010

மாமியார் வீட்டில் சாப்பாடு, தூக்கம், சாப்பாடு. எங்கள் ஹைதராபாத்தில் தனித் தெலங்கானா கேட்டு பந்த், மறியல் என்று டிவியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த பைபிள் வசன வாக்குத்தத்த அட்டை தைரியத்தைப் பற்றியது. எனக்கா? கரப்பான் பூச்சிக்குக் கட்டில் மேல் ஏறுகிறவள் நான்.

11.1.2010, திங்கள்

வேலைக்குத் திரும்பினேன். ஆபீசில் பூந்தி லட்டு. புது ஒப்பந்தத்தில் நம் முதல் சரக்கு ஆறாம் தேதியே கிளம்பிவிட்டதாம். சாரங்கபாணி சார் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. மேஜையில் நான்கு படிவம் மிச்சம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைப்பானேன்.

13.1.2010

தூக்கம் கெட்டுவிட்டது.

பேக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பேபிக்கா இன்று டிபன் பாக்ஸ் திறந்தபோது கையைப் பார்த்தேன். பத்து நகமும் வெள்ளை வெளேரென்று. பதினாலு வருடமாக அந்த நகங்களைப் பச்சையாகத்தான் பார்த்திருக்கிறேன். சோப்புக்கு மசியாத பச்சை.

"என்னக்கா, கை இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"பொடி செய்யற ரியாக்டர் எங்க ஓடுச்சு? பந்த்துல அத ஓட்டற ஆளு ஒருத்தரும் வரல. மும்பைலருந்து டிரம் வந்துச்சு, லேபிள மாத்தி ஒட்டினோம். சைனா மாலாம்."

லேபிளை மாற்றினால் சரக்கின் பிறப்பு மாறிவிடுமா? இங்கே செய்திருக்க வேண்டும், அதுதானே விதி! ஒப்பந்த விதிகளை விளக்க ஆபீசர்கள் நடத்திய கூட்டத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து நோட்டுப் புத்தகம் நிறைய எழுதிக்கொண்டு வந்தவள் நான்.

சாரிடம் கேட்டேன். "மத்த நாளெல்லாம் நாமளேதானேம்மா செய்யறோம்? ஒரே ஒரு தடவை. வாங்கற தாய்லாந்துக்காரருக்கு வாக்குக் கொடுத்துட்டேன்." சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பஸ்ஸில் பாலாநகர் வரும்வரை யோசித்தேன்.

2.3.2010

எதுவும் நடக்கவில்லை. நடக்காது போல.

9.6.2010, புதன்

நடந்துவிட்டது.

சான்றிதழ் கொடுத்த அலுவலகத்திலிருந்து கடிதம். தாய்லாந்துச் சுங்கத்தில் சந்தேகப்படுகிறார்களாம். ஒரு டிரம்மின் உள்பையில் சீன எழுத்து இருந்திருக்கிறது. உற்பத்திப் பதிவு, மூலப்பொருள் கணக்கு எல்லாம் முப்பது நாளுக்குள் வேண்டும். கடிதம் யார் பெயருக்கு? எனக்கு. திருமதி ஷெர்லி கிதியோன், கையெழுத்து அதிகாரம் பெற்றவர். படிவத்தின் நகலும் வைத்திருந்தார்கள். என் கையெழுத்து, அந்த நீளமான வாலோடு.

கடிதத்தைக் கொண்டுபோய் சார் மேஜையில் வைத்தேன்.

10.6.2010

கணவன் கிதியோனிடம் சொன்னேன். அவன் கொண்டாப்பூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கிறான், எல்லாவற்றிலும் தப்பு கண்டுபிடிப்பதுதான் சம்பளம். "அவர் ஏமாத்திட்டாருன்னு சொல்றே. பாஸ்வேர்ட எழுதிக் கையில குடுத்தது யாரு?"

கோபத்தில் தட்டைக் கழுவாமல் போட்டுவிட்டேன். அவன் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு கோபம்.

14.6.2010

சார் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஜனவரி மூன்று, நான்கு, ஐந்து தேதிகளில் இங்கேயே பொடி செய்ததாக உற்பத்திச் சீட்டு தயார் பண்ண வேண்டுமாம். "உனக்கு அஞ்சு நிமிஷ வேலை. உன் பேரும் தப்பிக்கும்." மிரட்டவில்லை. கெஞ்சினார். கண் கலங்கியிருந்தது. நாற்பது பேர் வேலை செய்கிற இடம், மனுஷர் பாடுபட்டுக் கட்டியது. அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இதில் கேலி என்னவென்றால், அந்தப் பொடி சீனாவிலிருந்து நேராகப் போயிருந்தால் ஒரு தொல்லையும் இல்லை. சீனாவுக்கும் அந்த நாடுகளுக்கும் தனி ஒப்பந்தம் இருக்கிறது, அதிலும் சலுகை உண்டு. நம் லேபிளை ஒட்டியதால்தான் அது திருட்டுச் சரக்கு ஆனது.

15.6.2010

சீட்டை டைப் அடிக்க உட்கார்ந்தேன். தேதியைப் போட்டேன். அழித்தேன். போட்டேன்.

16.6.2010

உண்மையை எழுதினால் ஒப்பந்தச் சலுகை போகும், தாய்லாந்துக்காரர் போவார், என் வேலையும் போகும். பொய் எழுதினால்? ஒருவேளை தப்பிக்கலாம். ஒருவேளை. எத்தனை நாள் இந்த ஒருவேளையோடு தூங்குவது?

18.6.2010, வெள்ளி

பேபிக்கா சாயங்காலம் என் மேஜைக்கு வந்தாள். கையில் மூன்று தாள். உற்பத்திச் சீட்டில் பேக்கிங் மேற்பார்வையாளர் கையெழுத்தும் வேண்டுமே, அதற்காக சார் கொடுத்தனுப்பியிருக்கிறார். மேலே ஒன்றும் இல்லை. அப்புறம் நிரப்பிக்கொள்வார்களாம்.

"கைக்கு இதெல்லாம், எதுக்கு? எனக்கு இங்கிலீஷ் வராது, தெரியும்ல உனக்கு. நீ சொன்னா போடறேன்."

போடுங்கக்கா என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். என்ன ஜென்மம் நான்! என் கழுத்தில் மாட்டிய கயிற்றை அவள் கழுத்துக்கும் நீட்டப் பார்த்தேனே.

"நக்கோ அக்கா, வேணாம். வெறும் தாள்ல போடாதீங்க. சார் கேட்டா ஷெர்லி வாங்கி வச்சுக்கிட்டான்னு சொல்லுங்க."

"ஹவ்," என்று ஊர்ப் பேச்சில் சரி சொன்னாள். தாள்களை என்னிடம் நீட்டினாள். மூன்று தாளும் இப்போது இந்த நோட்டுக்குள் இருக்கின்றன.

21.6.2010, திங்கள்

சொல்லிவிட்டேன். சார், பொய்ச் சீட்டு போட மாட்டேன், இந்தச் சரக்கு இங்கே செய்ததில்லை, சான்றிதழை ரத்து செய்யுங்கள் என்று எழுதப்போகிறேன் — முழுசாகச் சொல்லி முடித்தேன்.

எழுந்து அறைக் கதவைத் திறந்துவிட்டார். பிறகு, "நல்லா இரும்மா. அஞ்சு நாள் சரக்க நிறுத்தத் தெரியாதவன் நான். கம்பெனிய நிறுத்த உனக்குத் தெரியுது."

பாத்ரூமில் போய் அழுதேன்.

24.6.2010

கடிதத்தை நானே நேரில் கொடுத்துவிட்டு வந்தேன். படிவத்தில் முன்கூட்டியே கையெழுத்திட்டது என் தவறு என்பதையும் எழுதினேன். மனது லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. பசித்தது, இரண்டு சமோசா தின்றேன்.

30.8.2010

சான்றிதழ் ரத்து. எங்களுக்கு ஒரு வருடம் சலுகை கிடையாது. கையெழுத்து அதிகாரத்தை என்னிடமிருந்து எடுத்துத் தன் பேருக்கே மாற்றிக்கொண்டார் சார். வேலையை விட்டு அனுப்பவில்லை. முகம் பார்த்துப் பேசுவதும் இல்லை. பேக்கிங்கில் இரண்டு பேரை நிறுத்திவிட்டார்கள். அதில் ஒருத்தி பஸ் நிறுத்தத்தில் என்னைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

6.9.2010

நான் செய்தது சரிதானா? அந்தப் பெண்ணிடம் போய்ச் சொல்லேன் பார்ப்போம், சரி என்று.

21.12.2011, புதன்

ஒன்றரை வருடம் கழித்துத் தாய்லாந்துக்காரர் மறுபடியும் கேட்டிருக்கிறார். சின்ன ஆர்டர்தான். நிறுத்திய இரண்டு பேரையும் போன வாரம் கூப்பிட்டுவிட்டார்கள். கையெழுத்து அதிகாரமும் இந்த மாதம் என்னிடமே திரும்பி வந்தது. சார் மாதிரிக் கையெழுத்து அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார், அவ்வளவுதான்.

நாளைக்குப் பாளையங்கோட்டை ரயில். மத்தியானம் சார் ஐந்து படிவத்தோடு வந்து நின்றார். நான் உற்பத்திச் சீட்டைக் கேட்டேன். செய்து முடித்த ஒரு தொகுதிக்குத்தான் இருந்தது. பேபிக்காவின் கையெழுத்து கோணல்மாணலாக, பக்கத்தில் அவள் கட்டை விரல் பட்ட பச்சைக் கறை. அதைப் பார்த்துப் படிவத்தை வரி வரியாக நிரப்பினேன். கடைசியில் கையெழுத்துப் போட்டேன். ஒன்றில்.

"மீதி நாலு?" என்றார்.

"வந்து போடறேன் சார்."

நான்கையும் எடுத்துத் தட்டிச் சேர்த்து, தன் பீரோவில் வைத்துப் பூட்டினார். "சரி. நீ வர்ற வரைக்கும் சரக்கு நிக்கட்டும்," என்றார்.