எங்களுக்காக விட்ட இடம்

ஜூன் 9, செவ்வாய்

இன்றைக்கு வேலைக்குப் போனேன். மகன் போன பிறகு முதல் தடவை. லாண்ட்ரியில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. முதலாளி பேனாவைக் காதில் சொருகிக்கொண்டு எழுந்து வந்தார். "பெட்ஷீட் வேண்டாம் பெரியவரே, கை வலிக்கும். தலையணை உறை மட்டும் தேய்ங்க" என்றார். ஆஸ்பத்திரித் தலையணை உறைகள். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு. யோசிக்காமல் தேய்க்கலாம். மத்தியானம் வரை யோசிக்காமல் இருந்தேன். அதற்காக அவருக்கு நன்றி.

எனக்கு எழுத்து தெரியாது. தூரத்தில் வாழ்க்கைப்பட்ட மகள்தான் போனில் இதைப் பழக்கிவிட்டாள். நான் பேசினால் அதுவே எழுதிக்கொள்கிறது. "யார்கிட்டயும் சொல்ல முடியாததை இதுகிட்ட சொல்லுங்கப்பா" என்றாள். வேதம் வாசிக்கக் கேட்டே வளர்ந்தவன் நான். தனியாகப் பேசும்போது பேச்சே வாசிப்பு மாதிரிதான் வருகிறது. மனைவி கேட்டால் சிரிப்பாள்.

சிரித்தால் தேவலை. அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை. படி இறங்குவதில்லை. ஜெபத்தை விட்டுவிட்டாள். காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் முழங்கால் போடாத நாள் அவளுக்குக் கிடையாது. பிரசவ வலியில்கூடப் போட்டவள். இப்போது கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடக்கிறாள்.

மகன் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டான்.

சொல்லிவிட்டேன். போனும் எழுதிக்கொண்டது. இதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒருவனைப் பறிகொடுத்தாயிற்று. இவளையும் கொடுக்க என்னால் ஆகாது, ஆண்டவரே.

ஜூன் 11, வியாழன்

காலையில் இரண்டு வாய் கஞ்சி குடித்தாள். ஸ்தோத்திரம்.

ஜூன் 14, ஞாயிறு

கெஞ்சிக் கூத்தாடி அவளை ஆராதனைக்கு அழைத்துப் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

எங்கள் பெஞ்சு ஜன்னலோரம். ஆறு பேர் உட்காரலாம். ஏழாவது ஆளும் நெருக்கியடித்து உட்காருவதுதான் வழக்கம். இன்றைக்கு நாங்கள் இரண்டு பேர் மட்டும். வந்தவர்கள் எங்களைப் பார்த்து உதட்டால் சிரித்துவிட்டு வேறு பெஞ்சுக்குப் போனார்கள். பின்னால் இடமில்லாமல் நாலைந்து பேர் நின்றார்கள். நின்றார்களே தவிர, எங்கள் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

முதல் பாட்டில் மைக் கீச்சென்று கத்தியது. மகன் வயர்மேன். ஆலயத்து மைக் செட்டு அவன் பொறுப்பு. கத்தினால் மூலையிலிருந்து எழுந்து வந்து ஏதோ ஒன்றைத் திருகுவான், அடங்கிவிடும். பழக்கத்தில் அத்தனை தலையும் அந்த மூலைப் பக்கம் திரும்பின. பிறகு அத்தனை தலையும் ஒன்றாகக் கீழே குனிந்தன. மைக் கத்திக்கொண்டே இருந்தது.

வரும் வழியில் அவள் சொன்னாள்: "பாத்தீங்கல்ல? தொட்டா ஒட்டிக்கும்னு ஒதுங்கிட்டாங்க. இனிமே என்னைக் கூப்பிடாதீங்க."

ஜூன் 15, திங்கள்

என் நினைவு எனக்கே எதிரி. மற்றவர்களுக்கு வயதானால் மறதி வருகிறது. எனக்கு ஒன்றும் உதிர்வதில்லை. மகன் போவதற்கு முந்தின நாள் என்ன சட்டை போட்டிருந்தான், எந்தக் காலைத் தாங்கி நடந்தான், எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் அறைக் கதவு கிறீச்சிடுகிறது என்று கீலுக்கு எண்ணெய் விட்டான். போகப்போறவன் கதவுக்கு எண்ணெய் விடுவானா? — விட்டானே. அப்போ முடிவு பண்ணலையா? நான் ஒரு வார்த்தை, என்னடா முகம் வாடியிருக்குன்னு ஒரு வார்த்தை...

கேட்டேன். கேட்கத்தான் செய்தேன். "தூக்கம் சரியில்லப்பா" என்றான்.

அடக்கம் முடிந்து வந்த அன்று என் அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து சொன்னதும் அப்படியே இருக்கிறது. "இப்படிப் போனவனுக்கு மோட்ச வாசல் அடைச்சிருக்கும்டா. மத்தவங்களாவது ஜாக்கிரதையா இருங்க." அவள் தண்ணீர்ச் சொம்போடு வாசற்படியில் நின்றிருந்தாள். சொம்பை வைத்துவிட்டு உள்ளே போனவள்தான். அன்றோடு ஜெபம் நின்றது.

ஜூன் 17, புதன்

பாஸ்டர் வந்தார். சின்ன வயசு, என் மகனைவிட இளையவர். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

"ஐயா, ஞாயித்துக்கிழமை நடந்தது என் தப்பு. உங்களைச் சுத்தி நெருக்காதீங்க, கொஞ்சம் மூச்சுவிட இடம் விடுங்கன்னு நான்தான் எல்லார்கிட்டயும் சொல்லியிருந்தேன். அவனைப் பத்தியும் எதுவும் பேசிடாதீங்கன்னேன். பெஞ்சைப் பாத்தப்பதான் எனக்கே தெரிஞ்சுது, என்ன பண்ணி வச்சிருக்கேன்னு."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூச்சுவிட இடமாம். அந்த இடத்தில்தானே மூச்சு முட்டியது. ஆனால் மனசிலிருந்து ஒரு கல் இறங்கியது. வெறுக்கவில்லை, பாவம், விவரம் தெரியாமல் அன்பு காட்டியிருக்கிறார்கள்.

உள்ளறையிலிருந்து அவள் குரல் வந்தது. "என் புள்ள எங்க இருக்கான்? அதைச் சொல்லுங்க."

பாஸ்டர் வேதத்தைக் கையில் வைத்திருந்தார். திறக்கவில்லை. கதவருகே போய்த் தரையில் உட்கார்ந்தார். "அம்மா, அவன் வியாதிப்பட்டிருந்தான். உடம்புல இல்ல, மனசுல. நம்ம கண்ணுக்குத் தெரியல, ஆண்டவருக்குத் தெரியும். ஒரு நிமிஷத்தை வச்சு ஒரு ஆயுசையே நியாயந்தீர்க்கிறவர் இல்ல அவர். உங்களைவிட அதிகமா அவன்மேல பிரியம் வச்சவர் கையில இருக்கான். எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதான்."

பாஸ்டர் உடனே எழுந்திருக்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் போட்ட காபி ஆறிப்போய், ஆறினதையே குடித்துவிட்டுப் போனார்.

அவள் வெளியே வரவில்லை. ஆனால் கதவைத் தாழ் போடவும் இல்லை.

ஜூன் 20, சனி

இன்றைக்கு யார் வந்தார்கள் என்று சொன்னால் மகனே நம்பமாட்டான். லவுட்ஸ்பீக்கர் அக்கா.

அவன் வைத்த பேர்தான் அது. பாடகர் குழுவில் அவள் நின்றால் அந்தப் பக்கத்து மைக்கை அணைத்துவிடுவான். "அக்காவுக்குக் கரண்ட் எதுக்கு?" என்பான். அவளுக்கும் அந்தப் பேர் தெரியும், அவனை விரட்டி விரட்டித் திட்டுவாள். தையல் கடை வைத்திருக்கிறாள். அவளுக்கும் என் மனைவிக்கும் ஏதோ ஒரு பாட்டு விஷயத்தில் தகராறு. இரண்டு பேரும் பேசியே பல வருஷம் ஆகிறது.

செருப்பைக் கழற்றிவிட்டு நேரே உள்ளறைக்குப் போனாள். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"இங்க பாருங்கக்கா. உங்க பையன் எப்படிப் போனான்னு ஊருக்கே தெரியும். நான் தெரிஞ்ச மாதிரி பேசட்டுமா, தெரியாத மாதிரி பேசட்டுமா? நீங்களே சொல்லிடுங்க. எனக்கு நடிக்க வராது."

என் மனைவி சுவரை விட்டுத் திரும்பினாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். "தெரிஞ்ச மாதிரியே பேசு" என்றாள் மனைவி.

"சரி. என்ன ஆச்சு?"

அவ்வளவுதான் கேட்டாள். இத்தனை பேர் வந்துபோனார்கள், யாரும் கேட்காத கேள்வி. என் மனைவி எழுந்து உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள். கதவுக்கு எண்ணெய் விட்டதிலிருந்து. அவளுக்கும் அது நினைவிருந்திருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அக்கா தன் கதையைச் சொன்னாள். அவளுடைய தம்பியும் இப்படித்தானாம். அவள் கல்யாணத்துக்கு முன்னால். வீட்டில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டார்கள். "என் வீட்டுக்காரருக்குக்கூட இன்னிக்கு வரைக்கும் காய்ச்சல்தான்" என்றாள். பேசும்போது அவள் குரல் எனக்குக் கேட்டும் கேட்காத அளவுக்கு இறங்கியிருந்தது. அவளிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

என் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவன் பேர் என்ன?" என்று கேட்டாள். அக்கா சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

சாயங்காலம் மூன்று பேரும் சோறு சாப்பிட்டோம். அவள் சாப்பிட்டாள், ஆண்டவரே. தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

ஜூன் 22, திங்கள்

அக்கா நேற்று ஆராதனை முடிந்து வந்தாள். இன்றும் வந்தாள். வந்தால் ஏதாவது வேலை செய்கிறாள். பட்டன் தைக்கிறாள், பாத்திரம் கழுவுகிறாள், என் மனைவி உப்புப் போடுவதைக் குறை சொல்கிறாள். இவளும் திருப்பிக் கொடுக்கிறாள். அடுப்படியில் இரண்டு பேரும் சண்டை போடுவது கூடத்தில் கேட்கிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறேன்.

ஜூன் 26, வெள்ளி

பாஸ்டர் ஏற்பாட்டில் அவளை மனநல டாக்டரிடம் கூட்டிப்போனோம். பெண் டாக்டர். அவசரப்படாமல் கேட்டார். தூக்கத்துக்கு மாத்திரை தந்தார். என்னைப் பார்த்து, "நீங்க எப்படி இருக்கீங்க?" என்றார். என்னையும் ஒருவர் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த முறை எனக்கும் சீட்டு.

ஜூலை 5, ஞாயிறு

அவளாகவே கேட்டாள்: "எந்தப் புடவை கட்டட்டும்?"

பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா அவள் பக்கம் வந்து, "தள்ளுங்கக்கா, சீட்டு வாங்கியா வச்சிருக்கீங்க?" என்றாள். என் பக்கம் பேக்கரிக்காரர். நல்ல பருமன். அவருக்கு அப்புறம் அவர் பெண்சாதி, மச்சான், இன்னும் யாரோ. எட்டுப் பேர். எனக்குப் பாதி உடம்புக்குத்தான் இடம், மீதியைப் பேக்கரிக்காரர் தோளில் சாய்த்திருந்தேன். இவ்வளவு சுகமாக நான் எங்கும் உட்கார்ந்ததில்லை.

மைக் மறுபடி கத்தியது. எல்லாரும் குனியப் பார்த்தார்கள். பாஸ்டர் பிரசங்கத்தை நிறுத்தினார். "இதை அடக்கத் தெரிஞ்சவர் நம்மகிட்ட ஒருத்தர்தான் இருந்தார். அவர் இல்லைன்னு இது வாராவாரம் கத்திச் சொல்லுது. நாமதான் வாயை மூடிட்டு இருக்கோம்."

பிறகு மகனுடைய பேரைச் சொன்னார். மைக்கில்.

என் மனைவி என் முழங்கையைப் பற்றினாள். நான் பயந்து திரும்பினேன். அழுதுகொண்டே சிரித்துக்கொண்டிருந்தாள். ஆராதனை முடிந்து ஒவ்வொருவராக வந்தார்கள். எங்க வீட்டு மோட்டாரை ரிப்பேர் பண்ணினான், என் பொண்ணு கல்யாணத்துக்கு விளக்குப் போட்டான், என்னை ஏப்ரல் முதல் தேதி ஏமாத்தினான். எனக்கே தெரியாத மகன் ஒருவனைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

ஜூலை 19, ஞாயிறு

அண்ணன் வந்திருந்தார். பழப்பையோடு. என் மனைவி தட்டில் வெட்டி வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அத்தான், வாசல் அடைச்சிருக்கும்னு சொன்னீங்களே. நீங்க போய்ப் பாத்துட்டு வந்தீங்களா?"

அண்ணன் கையில் எடுத்த துண்டை வாயில் போடவில்லை. தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டு, "என் பேரனுக்கும் மனசு சரியில்லம்மா. வீட்டை விட்டு வெளிய வரமாட்டேங்கிறான். எனக்குப் பயம். அந்தப் பயத்துலதான்... என்ன பேசறோம்னு தெரியாம..." என்றார்.

எனக்கு இருந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. அவள்தான் உடனே எழுந்தாள். "பயந்துட்டு உக்காந்திருந்தா எப்படி? அவன்கிட்ட நேரா கேளுங்க, சாகணும்னு தோணுதாடான்னு. கேட்டா ஒண்ணும் ஆகிடாது. கேக்காததுதான்..." நிறுத்திவிட்டாள். பிறகு டாக்டருடைய போன் நம்பரைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

ஜூலை 20, திங்கள்

இன்று விடியற்காலை கண் விழித்தேன். அடுப்பு பற்றவில்லை. அடுப்பருகே அவள் முழங்காலில் இருந்தாள். சத்தம் போடாமல் மறுபடி படுத்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

லாண்ட்ரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு பெண் பிள்ளை. படித்துக்கொண்டிருந்தது. மகனைப் போலவே போய்விட்டது. நம் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. வீட்டுக் கதவு மூடியே இருக்கிறது, யாரும் போகவில்லை என்று முதலாளி சொன்னார். மத்தியானம் வீட்டுக்கு வந்து, மனைவியிடம் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, சொன்னேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்த வீடு? மாடியா, கீழயா?" என்றாள்.

"போய் என்ன பேசப்போறே?"

"பேசறதுக்கு யார் போறா? அந்தப் புள்ளையைப் பத்தி அவங்க சொல்லட்டும். நான் கேட்டுட்டு வரேன்." அக்காவுக்குப் போன் போட்டாள். "கடையை மூடிட்டு வா. வாயை மட்டும் அங்க வந்து திறக்காதே."

போனவள் வரவில்லை. இருட்டியதும் போன் வந்தது. "அந்த அம்மா இப்பதான் பேச ஆரம்பிச்சிருக்காங்க. நேரமாகும். நீங்க பொங்கிச் சாப்பிடுங்க."

பொங்கினேன். அடிப்பிடித்துவிட்டது. பிடித்ததை நான் சாப்பிட்டேன். நடுவில் இருந்த நல்ல சோற்றை அவளுக்கு எடுத்து மூடி வைத்திருக்கிறேன்.